“இல்லை” என்றால் என்ன அர்த்தம்?

(நமது சங்கத்தின் காலாண்டு உறுப்பினர் கூட்டத்தில் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)



“ஏ.ஐ. பத்தி எல்லாருக்கும் புரியற மாதிரி ஏதாவது பேசுங்கோ” என்று செயலாளர் மாமா கேட்டுக்கொண்டார். செயற்கை நுண்ணறிவால் உலகம் எங்கே போகும் என்று சொல்லும் தகுதி எனக்கு இல்லை. நான் பார்க்கும் உத்தியோகம் மிகச் சிறியது. புனேயில் இருபது வருஷத்துக்கு மேலாக சாஃப்ட்வேர் கம்பெனிகளில் டாக்குமென்டேஷன் எழுதி வருகிறேன். ஒரு சாஃப்ட்வேரை எப்படி உபயோகிப்பது என்று விளக்கி எழுதும் வேலை. பெரும்பாலானவர்கள் படிக்காமலே தூக்கிப் போடும் புத்தகத்தை எழுதுகிறவர் என்று சொன்னால் சட்டென்று புரியும்.

ஆனால் சமீப காலமாக எனக்கு ஒரு புது வாசகர் கிடைத்திருக்கிறார். எழுதிய ஒவ்வொரு வார்த்தையையும் படிக்கிறார். ஒவ்வொரு தடவையும் முதலிலிருந்து படிக்கிறார். படித்ததை அப்படியே நம்புகிறார். அவர் மனிதர் இல்லை, ஏ.ஐ. ஏஜெண்ட். அவருக்கு எழுதுவதில் உள்ள சிரமத்தையும், அதில் உங்களுக்கும் எனக்கும் என்ன சம்பந்தம் என்பதையும்தான் இன்றைக்குச் சொல்லப் போகிறேன்.

ஏஜெண்ட் என்றதும் நமக்கெல்லாம் எல்.ஐ.சி. ஏஜெண்ட்தான் ஞாபகத்துக்கு வருவார். பாதி சரிதான். நம் சார்பில் போய் ஒரு காரியத்தை முடித்துக்கொண்டு வருபவர் ஏஜெண்ட். “இந்த வாடிக்கையாளர் இன்னும் எவ்வளவு பாக்கி?” என்று ஒருவர் சாதாரண பாஷையில் கேட்கிறார். ஏ.ஐ. ஏஜெண்ட் அதைப் புரிந்துகொண்டு, கம்பெனியின் கணக்கு சாஃப்ட்வேரிலிருந்து விவரத்தை வரவழைத்து, “இவ்வளவு பாக்கி” என்று பதில் சொல்கிறது. அந்த சாஃப்ட்வேர் நம் ஊர் கடைக்காரர் வைத்திருக்கும் டாலியாக இருக்கலாம், பெரிய கம்பெனிகளில் ஓடும் எஸ்.ஏ.பி.யாக இருக்கலாம், சேல்ஸ்ஃபோர்ஸாக இருக்கலாம்.

இங்கே ஒரு விஷயத்தை நன்றாகப் புரிந்துகொள்ள வேண்டும். அந்த ஏ.ஐ. நேரே கணக்குப் புத்தகத்துக்குள் நுழைவதில்லை. இங்கே டிஃபென்ஸ் அக்கவுண்ட்ஸிலும், ரயில்வேயிலும், பாங்கிலும் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர்கள் நிறையப் பேர் இருக்கிறீர்கள். உங்கள் ஆபீஸ் ரிக்கார்டு ரூமை நினைத்துப் பாருங்கள். புதிதாகச் சேர்ந்த கிளார்க்கை உள்ளே விட மாட்டார்கள். ஜன்னலில் ஒரு சீட்டு எழுதிக் கொடுக்க வேண்டும்: இந்த நம்பர், இந்த வருஷம், இந்த ஃபைல். உள்ளே இருப்பவர் எடுத்துக் கொடுப்பார். அந்த ஜன்னலுக்குத்தான் எங்கள் தொழிலில் ‘டூல்’, கருவி, என்று பெயர். இன்வாய்ஸ் எடுக்க ஒரு ஜன்னல், வாடிக்கையாளர் விவரத்துக்கு ஒரு ஜன்னல், புகார்களுக்கு ஒரு ஜன்னல்.

ஒவ்வொரு ஜன்னலுக்கு மேலும் ஒரு பலகை தொங்குகிறது. அதில் மூன்று விஷயம் இருக்கும். ஜன்னலின் பெயர்; இங்கே என்ன கிடைக்கும் என்ற விளக்கம்; சீட்டில் என்னென்ன பூர்த்தி செய்ய வேண்டும் என்ற பட்டியல். ஏ.ஐ. இந்தப் பலகைகளைப் படித்து, எந்த ஜன்னலுக்குப் போவது, சீட்டில் என்ன எழுதுவது என்று தானே தீர்மானிக்கிறது. அந்தப் பலகையை எழுதுவதுதான் என் வேலை.

முன்பெல்லாம் ஒவ்வொரு கம்பெனியும் தன் இஷ்டப்படி இந்த ஏற்பாட்டைச் செய்துகொண்டிருந்தது. 2024 நவம்பரில் ஆந்த்ரோபிக் என்ற அமெரிக்க நிறுவனம் ‘மாடல் கான்டெக்ஸ்ட் புரோட்டோகால்’ என்று ஒரு பொது முறையை வெளியிட்டது. சுருக்கமாக எம்.சி.பி. பலகையில் எது எது எந்த ரூபத்தில் இருக்க வேண்டும், சீட்டை எப்படி நீட்ட வேண்டும், பதில் எப்படி வரும் என்பதற்கு ஒரே சம்பிரதாயம். 2025-ல் ஓப்பன் ஏ.ஐ., கூகுள் போன்ற போட்டி நிறுவனங்களும் அதை ஏற்றுக்கொண்டன. அந்த வருஷம் டிசம்பரில் லினக்ஸ் ஃபவுண்டேஷனின் கீழுள்ள ஓர் அமைப்பிடம் அது ஒப்படைக்கப்பட்டது. இதனால் ஜன்னல் கட்டுவது சுலபமாகிவிட்டது. ஆனால் பலகையில் என்ன எழுத வேண்டும் என்பதை எந்தப் புரோட்டோகாலும் சொல்லித் தராது. ஃபாரம் அச்சடித்துக் கொடுக்கலாம். பூர்த்தி செய்ய விஷயம் தெரிந்தவர் வேண்டும்.

மனிதருக்கு எழுதுவதற்கும் இதற்கும் என்ன வித்தியாசம் என்று கேட்கலாம். மனிதருக்கு எழுதும்போது கொஞ்சம் விட்டுப் போனாலும் ஆபத்து இல்லை. புது கிளார்க்குக்குச் சந்தேகம் வந்தால் பக்கத்து மேஜைக்காரரைக் கேட்பார். “ஓய், இது பழைய லெட்ஜர்ல இருக்கும், அங்க போய்ப் பாரும்” என்று அவர் சொல்வார். பாதி ஆபீஸ் அப்படித்தான் நடந்தது. இந்த ஏஜெண்டுக்குப் பக்கத்து மேஜை கிடையாது. அதற்குத் தெரிந்த ஆபீஸ் முழுவதும் அந்தப் பலகைதான். பலகையில் இல்லாததை அது பெரும்பாலும் ஊகித்துக்கொள்கிறது. ஊகித்ததையும் உறுதியாகத் தெரிந்ததையும் ஒரே குரலில், ஒரே மரியாதையோடு சொல்கிறது. அதுதான் சங்கடம்.

ஒரு உதாரணம் சொல்கிறேன். வீட்டு உபயோகச் சாமான்கள் விற்று, வருஷாந்திர பராமரிப்பு ஒப்பந்தமும் போட்டுத் தரும் ஒரு கம்பெனி. பெயர் வேண்டாம். வாடிக்கையாளர்களுக்குப் பதில் சொல்ல ஏ.ஐ. ஏஜெண்டை வைத்தார்கள். வயதான ஒரு அம்மாள் விசாரித்தார். அவருடைய கணவர் காலமாவதற்கு முன் பல வருஷத்துக்கான தொகையைச் சேர்த்துக் கட்டியிருந்தார். ஏஜெண்ட் தேடிப் பார்த்துவிட்டு, “மன்னிக்கவும், தங்கள் பெயரில் ஒப்பந்தம் எதுவும் இல்லை” என்று மிகப் பணிவாகச் சொல்லிவிட்டது. அந்த அம்மாள் கணவர் ஏதோ தப்பாகச் சொல்லிவிட்டுப் போய்விட்டார் போலிருக்கிறது என்று நினைத்து மறுபடியும் பணம் கட்டிவிட்டார். பிற்பாடு கிளையில் இருந்த பழைய ஊழியர் ஒருவர் பார்த்துக் கண்டுபிடித்தார். கம்பெனி நடுவில் சாஃப்ட்வேரை மாற்றியிருந்தது. மாற்றத்துக்கு முந்தைய ஒப்பந்தங்கள் பழைய சாஃப்ட்வேரிலேயே தங்கிவிட்டன. பணம் திரும்பி வந்தது.

இதில் வேடிக்கை என்னவென்றால், எதுவுமே பழுதாகவில்லை. ஜன்னல் சரியாக வேலை செய்தது. ஏஜெண்ட் சரியான சீட்டைத்தான் நீட்டியது. கிடைத்த பதிலைத்தான் சொன்னது. பலகையில் ஒரே ஒரு வரி இல்லை: “மாற்றத்துக்கு முந்தைய ஒப்பந்தங்கள் இங்கே கிடையாது.” அந்த ஒரு வரி இல்லாததால், ஒரு பெண்மணி காலமான தன் கணவரின் வார்த்தையைச் சந்தேகிக்கும்படி ஆயிற்று. பணம் திரும்பி வந்துவிட்டது. அந்தச் சந்தேகத்தோடு அவர் கழித்த நாட்களை யார் திருப்பித் தருவது?

அதனால்தான் சொல்கிறேன். ஒரு கருவி என்ன தரும் என்று எழுதுவது சுலபம்; யாரும் எழுதிவிடுவார்கள். என்ன தராது என்று எழுதுவதுதான் டாக்குமென்டேஷன். குறிப்பாக, தேடியது கிடைக்கவில்லை என்றால் அதற்கு என்ன அர்த்தம் என்பதை எழுத வேண்டும்.

அக்கவுண்ட்ஸில் இருந்தவர்களுக்கு இது புதிதல்ல. ‘நில் ரிட்டர்ன்’ என்று ஒன்று உண்டல்லவா? ஒரு கிளையிலிருந்து ‘நில்’ என்று ஸ்டேட்மெண்ட் வந்தால் அங்கே நிலுவை ஒன்றும் இல்லை என்று பொருள். ஸ்டேட்மெண்டே வராவிட்டால் அதையும் ‘நில்’ என்று எழுதிக்கொள்வோமா? “வரவில்லை” என்று எழுதி ரிமைண்டர் அனுப்புவோம். ஒன்றும் இல்லாதபோதும் ‘இல்லை’ என்று ஒரு காகிதம் ஏன் அனுப்பச் சொன்னார்கள்? இந்த இரண்டும் குழம்பிவிடக் கூடாது என்பதற்காகத்தான்.

கம்ப்யூட்டர் கருவியிலிருந்து பதில் காலியாக வந்தால் குறைந்தது நாலு அர்த்தம் இருக்கலாம். ஒன்று, நிஜமாகவே அப்படி ஒரு ரிக்கார்டு இல்லை. இரண்டு, ரிக்கார்டு இருக்கிறது, வேறு இடத்தில். மூன்று, இங்கேயே இருக்கிறது, கேட்ட விதம் தவறு. நாலு, இருக்கிறது, ஆனால் கேட்பவருக்குப் பார்க்க அனுமதி இல்லை. நாலுக்கும் ஏஜெண்டின் வாயிலிருந்து வருவது ஒரே வார்த்தை: “இல்லை.”

மூன்றாவதற்கு மட்டும் இரண்டு உதாரணம் சொல்கிறேன். எஸ்.ஏ.பி. என்ற கம்பெனி 1972-ல் ஜெர்மனியில் தொடங்கப்பட்டது. அதன் உள்ளே இன்றைக்கும் பல கட்டங்களின் பெயர் ஜெர்மன் வார்த்தைகளின் சுருக்கம்தான். வாடிக்கையாளர் எண் இருக்கும் கட்டத்தின் பெயர் ‘குன்னர்’. சப்ளையர் எண்ணுக்கு ‘லிஃப்னர்’. பலகையில் விளக்கம் இல்லாமல் இந்தப் பெயரை மட்டும் போட்டால் புதியவருக்கு ஒன்றும் விளங்காது. அது போகட்டும். அந்த எண்ணுக்குப் பத்து இடம். வாடிக்கையாளர் எண் 4711 என்றால் உள்ளே அது முன்னால் ஆறு சைபர் சேர்த்து 0000004711 என்று பதிவாகியிருக்கும். ஆபீஸ் திரையில் 4711 என்று அடித்தால் சாஃப்ட்வேரே சைபரைச் சேர்த்துக்கொள்ளும். ஆகவே முப்பது வருஷம் அதில் வேலை பார்த்தவருக்குக்கூட இந்த சைபர்கள் இருப்பது தெரியாமல் இருக்கலாம். திரையைத் தாண்டி நேரே தேடும் கருவிக்கு அதைச் சேர்த்துக் கொடுக்க வேண்டும். சேர்க்காவிட்டால் பதில்: இல்லை.

அடுத்த உதாரணம் நம் வீட்டு விஷயம். நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது, இனிஷியல்தான். கே. சுப்ரமணியன் என்று ஒருவர். ‘கே’ என்பது அப்பா கிருஷ்ணன். பான் கார்டு விண்ணப்பத்தில் இனிஷியல் கூடாது, விரித்து எழுது என்கிறார்கள். சுப்ரமணியன் கிருஷ்ணன் ஆகிறார். இன்னொரு இடத்தில் கிருஷ்ணன் சுப்ரமணியன். காஸ் ஏஜென்சியில் வெறும் சுப்ரமணியன். போதாக்குறைக்கு ஆங்கிலத்தில் கடைசி எழுத்து ‘என்’னா ‘எம்’மா, நடுவில் ‘ஐ’யா ‘ஒய்’யா என்று ஊருக்கு ஒரு ஸ்பெல்லிங். வடக்கே இருக்கும் கால் சென்டரிலிருந்து போன் செய்து “கிருஷ்ணன்ஜி!” என்று அவருடைய அப்பாவைக் கூப்பிடுகிறார்கள். நாம் சிரித்துவிட்டு, “நான்தான், சொல்லுங்கோ” என்று பேசிவிடுகிறோம். கருவி சிரிக்காது. எழுத்துக்கு எழுத்து பொருந்தினால்தான் தரும் என்று வடிவமைத்திருந்தால், ஒரு எழுத்து மாறினாலும் “இல்லை”தான்.

இதற்குப் பலகையில் என்ன எழுதுவது? “பெயரால் தேடுவது நிச்சயமில்லை. முதலில் வாடிக்கையாளர் எண், இல்லாவிட்டால் பதிவு செய்த போன் நம்பர், கடைசியாகத்தான் பெயர். பெயரால் தேடிக் கிடைக்காவிட்டால் ரிக்கார்டு இல்லை என்று முடிவு கட்டாதே, எண்ணைக் கேள்” என்று எழுத வேண்டும். நாலு வரிதான். நம்மைப் போன்ற பெயர் உள்ளவர்களுக்கு அந்த நாலு வரி பெரிய உபகாரம்.

இன்னொரு வகைப் பிசகும் உண்டு. “இல்லை” என்று சொல்வதைவிட ஆபத்தானது, பாதியைக் கொடுத்துவிட்டு முழுசு என்று நினைக்க வைப்பது. ஒரே தடவையில் ஆயிரக்கணக்கான ரிக்கார்டைக் கொட்டினால் தாங்காது என்பதால், கருவிகள் பக்கம் பக்கமாகத்தான் தரும். ஒரு பக்கத்துக்கு ஐம்பது என்று வைத்துக்கொள்ளுங்கள். பலகையில் அதைச் சொல்லாவிட்டால், ஏஜெண்ட் முதல் ஐம்பது இன்வாய்ஸைக் கூட்டி, “மொத்த பாக்கி இதுதான்” என்று அறிவித்துவிடும். கூட்டல் தப்பாக இருக்காது. ‘கேரீட் ஓவர்’ என்று எழுதியிருக்கும் பக்கத்தின் தொகையை ‘கிராண்ட் டோட்டல்’ என்று படித்த கதை. லெட்ஜரில் அந்த இரண்டு வார்த்தையை ஏன் எழுதினோம் என்பது உங்களுக்குத் தெரியும். இங்கேயும் எழுத வேண்டும், அவ்வளவுதான்.

அலகும் தேதியும் அப்படித்தான். ரேசர்பே போன்ற பணப் பரிமாற்ற சேவைகளில் தொகை பைசாவில் இருக்கும். 50000 என்று வந்தால் ஐம்பதாயிரம் ரூபாய் இல்லை, 500 ரூபாய். 03/04/2025 என்றால் நமக்கு ஏப்ரல் மூன்றாம் தேதி. அமெரிக்காவில் மார்ச் நாலாம் தேதி. இதில் ஒன்று பழைய நிதியாண்டு, இன்னொன்று புதியது. ‘முதல் காலாண்டு’ என்றால் நமக்கு ஏப்ரல் முதல் ஜூன் வரை. காலண்டர் வருஷத்தை நிதியாண்டாக வைத்திருக்கும் கம்பெனிக்கு ஜனவரி முதல் மார்ச் வரை. ஏஜெண்டுக்கு இரண்டு வழக்கமும் தெரியும். இந்த ஆபீஸில் எந்த வழக்கம் என்பது சொன்னால்தான் தெரியும்.

இப்போது ஒரு பலகையை முன்னும் பின்னுமாகக் காட்டுகிறேன். முதலில் இருந்தது: “வாடிக்கையாளரின் இன்வாய்ஸ் விவரங்களைத் தரும்.” பார்க்க லட்சணமாக இருக்கிறது. திருத்திய பிறகு, தமிழில் சொன்னால், இப்படி இருக்கும்:

“ஒரு வாடிக்கையாளருக்கு 1-4-2021 முதல் எழுதப்பட்ட இன்வாய்ஸ்களைத் தரும். அதற்கு முந்தியவை இதில் இல்லை. அவற்றைக் கேட்டால் கணக்குப் பிரிவைத் தொடர்புகொள்ளச் சொல். வாடிக்கையாளர் எண்ணையோ 15 எழுத்துள்ள ஜி.எஸ்.டி. எண்ணையோ கொடு. எண் தெரியாவிட்டால் முதலில் வாடிக்கையாளரைத் தேடும் கருவியை உபயோகி; எண்ணை ஊகிக்காதே. தேதியை வருஷம், மாதம், நாள் என்ற வரிசையில் கொடு. தொகை பைசாவில் வரும். ரத்தான இன்வாய்ஸ்கள் சேராது. ஒரு தடவைக்கு 50 மட்டுமே வரும். ‘அடுத்த பக்கம்’ என்ற குறி இருக்கும்வரை மறுபடி கேள். எல்லாம் வரும்வரை மொத்தம் சொல்லாதே. காலியாக வந்தால், இந்தத் தேதிக்குள், இந்த எண்ணில் இல்லை என்று மட்டும் சொல்.”

இதில் இலக்கியம் ஒன்றும் இல்லை. ஆனால் ஒவ்வொரு வாக்கியமும் ஒரு தவறான பதிலைத் தடுக்கிறது. அந்த வேலை செய்யாத வாக்கியத்தை எடுத்துவிட வேண்டும். ஏனென்றால் ஏஜெண்ட் எல்லாப் பலகையையும் ஒவ்வொரு தடவையும் படிக்கிறது. அதற்கும் நேரம், செலவு உண்டு. முப்பது ஜன்னலுக்கும் முப்பது பக்கம் எழுதினால் முக்கியமான வரி கூட்டத்தில் காணாமல் போகும். நம் வீட்டுக் கல்யாணப் பத்திரிகையில் ஊர் உறவுப் பெயரெல்லாம் போட்டு, முகூர்த்த நேரத்தைத் தேட வைப்பது போல ஆகிவிடக் கூடாது.

எழுதினால் மட்டும் போதாது; சோதிக்கவும் வேண்டும். ஆடிட்டில் ‘டெஸ்ட் செக்’ செய்வீர்களே, அதே மாதிரி. விடை நமக்கு முன்னமே தெரிந்த கேள்விகளாக ஒரு பட்டியல் தயார் செய்வேன். அதில் பழைய வருஷத்து இன்வாய்ஸ் ஒன்று, ஸ்பெல்லிங் மாறிய பெயர் ஒன்று, ஐம்பதுக்கு மேல் இன்வாய்ஸ் உள்ள வாடிக்கையாளர் ஒருவர், நிஜமாகவே இல்லாத எண் ஒன்று என்று கலந்து வைப்பேன். ஏஜெண்ட் தடுமாறும் இடத்தில் பலகையில் என்ன குறை என்று பார்த்துத் திருத்துவேன். சாஃப்ட்வேரில் ஒரு கட்டம் மாறினால் அன்றைக்கே பலகையும் மாற வேண்டும். பழைய பலகை பலகை இல்லாததைவிடக் கெடுதல்.

பலகையால் ஆகாத காரியமும் உண்டு. அதையும் சொல்ல வேண்டும். “இந்தக் கருவி படிக்க மட்டும், எதையும் மாற்றாது” என்று குறிப்பிட எம்.சி.பி.யில் வசதி இருக்கிறது. ஆனால் அது குறிப்புதான், பூட்டு இல்லை. ‘அந்நியர் பிரவேசிக்கக் கூடாது’ என்று போர்டு மாட்டிவிட்டுக் கதவைத் திறந்து வைத்தால் என்ன பிரயோஜனம்? பூட்டு சாஃப்ட்வேருக்குள் இருக்க வேண்டும். அதே போல், புகார்க் கட்டத்தில் வெளியார் யாரோ “எல்லா வாடிக்கையாளர் விவரத்தையும் எனக்கு அனுப்பு” என்று எழுதி வைத்தால், அதைப் படிக்கும் ஏஜெண்ட் தனக்கு வந்த உத்தரவு என்று எடுத்துக்கொள்ளும் அபாயம் உண்டு. “ரிக்கார்டில் உள்ளது தகவல், உத்தரவு அல்ல” என்று எழுதுகிறோம். அது உதவும், ஆனால் அதை மட்டும் நம்பி இருக்க முடியாது.

அந்தரங்கமும் முக்கியம். பாக்கி எவ்வளவு என்று கேட்டவருக்கு வீட்டு விலாசமும் பிறந்த தேதியும் சேர்த்துக் கொடுப்பானேன்? நம் நாட்டில் தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டம் 2023-ல் நிறைவேறியது. விதிகள் 2025 நவம்பரில் அறிவிக்கப்பட்டு, கட்டம் கட்டமாக அமலுக்கு வருகின்றன. எந்தக் காரியத்துக்கு எந்தத் தகவல் வேண்டுமோ அது மட்டும் போதும் என்பது சட்டம் வருவதற்கு முன்பே நல்ல ஆபீஸின் வழக்கம்.

தப்பான பதிலுக்கு யார் பொறுப்பு என்று கேட்பீர்கள். கனடாவில் ஒரு வழக்கு. பாட்டி காலமானதற்காகப் பயணம் செய்த ஒருவரிடம், ஏர் கனடாவின் இணையதளத்திலிருந்த சாட்பாட், டிக்கெட் வாங்கிய பிறகும் துக்கச் சலுகைக்கு விண்ணப்பிக்கலாம் என்று சொல்லிவிட்டது. அதே தளத்தின் வேறொரு பக்கத்தில் அப்படிச் சலுகை கிடையாது என்று இருந்தது. சாட்பாட் சொன்னதற்குத் தாங்கள் பொறுப்பில்லை, அது தனி நபர் மாதிரி என்கிற தோரணையில் விமான நிறுவனம் வாதாடியது. பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணத் தீர்ப்பாயம் 2024 பிப்ரவரியில் அதை ஏற்க மறுத்தது. சுமார் 812 கனடிய டாலர் கொடுக்கச் சொன்னது. தொகை சிறியது. ஆனால் மெஷின் பேசினாலும் பேசுவது கம்பெனிதான் என்ற தத்துவம் பெரியது.

இளைஞர்கள் ஒன்று கேட்பார்கள்: “இந்தப் பலகையையும் ஏ.ஐ.யே எழுதிவிடாதா?” எழுதும். புரோகிராமைக் கொடுத்தால் கட்டங்களின் பெயர், தேதியின் வடிவம், பக்கத்துக்கு எத்தனை என்பதையெல்லாம் நன்றாகவே எழுதுகிறது. நானும் அதை உபயோகிக்கிறேன். ஆனால் பழைய ஒப்பந்தங்கள் இன்னொரு சாஃப்ட்வேரில் கிடக்கின்றன என்பது புரோகிராமில் இல்லை. ‘ஸ்டேட்டஸ் 9’ என்றால் மேலிட உத்தரவுக்காக நிறுத்தி வைத்தது என்பதும், இந்தக் கட்டம் காலியாக இருந்தால் வசூலானது என்று அர்த்தம், சைபர் இருந்தால்தான் பாக்கி என்பதும் எந்தப் புரோகிராமிலும் இருக்காது. அது யாரோ ஒரு ஹெட் கிளார்க்கின் மண்டையில் இருக்கிறது. அவர் ஓய்வு பெற்றுப் பேரனைப் பள்ளிக்கூடத்தில் விட்டுக்கொண்டிருப்பார். என் வேலையில் பாதி, எழுதுவது இல்லை, அப்படிப்பட்டவரைக் கண்டுபிடித்து, ஒரு காபி வாங்கிக் கொடுத்து, “மாமா, இது ஏன் காலியா இருக்கு?” என்று கேட்பதுதான்.

ஆகவே உங்களுக்கு இரண்டு விண்ணப்பம். முதலாவது பெரியவர்களுக்கு. நீங்கள் வேலை பார்த்த இடத்திலிருந்தோ, உங்கள் பிள்ளை, மாட்டுப்பெண், பேரன் வேலை பார்க்கும் இடத்திலிருந்தோ யாராவது “அந்தக் காலத்தில் இதை எப்படிப் பதிவு செய்தீர்கள்?” என்று கேட்டால், “அதெல்லாம் இப்ப எதுக்கு” என்று சொல்லிவிடாதீர்கள். உட்கார்ந்து சொல்லுங்கள், முடிந்தால் எழுதிக் கொடுங்கள். விதிவிலக்குகளை முதலில் சொல்லுங்கள். விதியை மெஷினே கண்டுபிடித்துவிடும்.

இரண்டாவது எல்லாருக்கும். பாங்கிலோ, இன்ஷூரன்ஸிலோ, வேறு கம்பெனியிலோ ஒரு மெஷின் “தங்கள் பெயரில் எதுவும் இல்லை” என்று சொன்னால், அதோடு வைத்துவிடாதீர்கள். மூன்று கேள்வி கேளுங்கள். எதை வைத்துத் தேடினீர்கள், பெயரா, எண்ணா? எந்தத் தேதியிலிருந்து தேடினீர்கள்? வேறு எங்கே இருக்க வாய்ப்பு உண்டு? பதில் திருப்தி இல்லாவிட்டால் மனிதரிடம் பேச வேண்டும் என்று கேளுங்கள். பதிலை எழுத்தில் வாங்குங்கள். வீட்டில் ஒரு நோட்டுப் புத்தகத்தில் பாலிசி எண், டெபாசிட் எண், வாடிக்கையாளர் எண், பதிவு செய்த போன் நம்பர், எந்த ஸ்பெல்லிங்கில் பெயர் இருக்கிறது என்பதை எழுதி, அது எங்கே இருக்கிறது என்று ஆத்துக்காரரும் ஆத்துக்காரியும் இரண்டு பேரும் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். ரசீதைத் தூக்கிப் போடாதீர்கள். நான் சொன்ன அந்த அம்மாளுக்குக் கடைசியில் கைகொடுத்தது பழைய ஊழியரின் ஞாபகமும், கணவர் பத்திரமாக வைத்திருந்த ரசீதில் இருந்த எண்ணும்தான்.

கேள்விகள் இருந்தால் கேளுங்கள். எனக்குத் தெரிந்தால் சொல்கிறேன். தெரியாவிட்டால் தெரியாது என்றே சொல்கிறேன்.